சாமை உடைக்கிற மெஷினும் அதன் பின்னால் ஒரு தானிய வங்கியும்: கொல்லிமலை வேலைக் குறிப்பு

கொல்லிமலையில் சாப்பாடே இல்லாமல் படுக்கிற பசி இன்று அபூர்வம். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசிக்குக் காசு கிடையாது. அந்தியோதயா அட்டை இருந்தால் மாதம் 35 கிலோ வருகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வந்தபிறகு காலையிலும் உண்டு. ஆக, வயிறு நிறைந்துவிடுகிறது. தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். வெள்ளைச் சோறு, புளிக்கரைசல், மிளகாய். பருப்பெல்லாம் கையில் காசு இருக்கிற வாரத்தில்தான். ஆடி, ஆவணியில் கூலி வேலையும் ஒடுங்கும், அப்போது ரேஷன் அரிசி மாதக் கடைசிவரை தாங்காது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை என்று வந்தது. மதிய உணவும் இலவச அரிசியும் உள்ள மாநிலத்தின் கணக்கு அது.

முன்பு இந்த மலையில் அந்தத் தட்டை நிரப்பியவை சாமை, தினை, கேழ்வரகு. ஊடே துவரை, அவரை. அவற்றில் சாமையை மட்டும் எடுத்துக்கொண்டு செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊரில் நாங்கள் செய்த வேலை பற்றிய குறிப்பு இது. நாங்கள் என்றால் அந்த ஊர் மகளிர் குழுப் பெண்கள், நாமக்கல்லிலிருந்து போய்வருகிற சில நண்பர்கள், அப்புறம் நான். ராசிபுரம் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை எனக்கு. அதனால் ஊட்டச்சத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் பெல்ட், புல்லி, ஒயர் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறேன். இதே மாதிரி வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு அதுதான் உதவும்.

மரவள்ளியா, உலக்கையா?

சாமை ஏன் குறைந்தது என்று கேட்டால் எல்லோரும் மரவள்ளியைக் கைகாட்டுவார்கள். பொய் இல்லை. சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு போக ஆரம்பித்ததும் மலையில் காசு நடமாடியது. குச்சியை நட்டுவிட்டால் ஒன்பது, பத்து மாதத்தில் லாரி வந்து நிற்கும். சாமைக்கு எந்த லாரி வந்தது? ஆனால் கிழங்கின் விலை விளைவித்தவன் கையில் இல்லை. மாவுச்சத்தைப் பாயின்ட் கணக்கில் அளந்து, பாயின்டுக்கு இவ்வளவு என்று ஆலைக்காரர்கள் விலை போடுவார்கள். விலை விழுந்த வருஷத்தில் வீட்டில் தின்னவும் தானியம் இருக்காது, வாங்கவும் காசு இருக்காது.

இது ஆண்கள் சொல்கிற காரணம். குழுவிலுள்ள மூத்த அம்மா ஒருவர் வேறு மாதிரி சொன்னார். "கெழங்கு வந்ததால சாமைய விட்டோம்னு அவங்க சொல்லுவாங்க தம்பி. குத்த ஆள் இல்லாம விட்டோம், அதான் நெசம். எங் கையப் பாரு." உள்ளங்கையில் விரல்கள் தொடங்குகிற இடத்தில் வரிசையாகக் காய்ப்பு. உலக்கை பிடித்துப் பல வருஷம் ஆன பிறகும் போகாத காய்ப்பு.

விஷயம் இதுதான். கேழ்வரகை அப்படியே மாவு மில்லில் கொட்டி அரைத்துவிடலாம். நெல்லுக்கு ஊருக்கு ஊர் ரைஸ்மில் இருக்கிறது. சாமை, தினை, வரகு இந்த மூன்றுக்கும் அரிசியைக் கவ்விப்பிடித்த உமி உண்டு. தானியமோ குருணை அளவு. சாதாரண ரைஸ்மில்லில் போட்டால் பாதி உமியோடு வரும், பாதி நொறுங்கும். அதனால் உரலும் உலக்கையும்தான். குத்து, புடை, மறுபடி குத்து, மறுபடி புடை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோற்றுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அதுவும் காட்டு வேலை முடித்து வந்த பிறகு. இதற்கு என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சமவெளி மில்லுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பக்கத்திலேயே ரேஷன் கடையில் வெள்ளை அரிசி சும்மா கிடைக்கும்போது யார் குத்துவார்கள்?

முதலில் எங்கள் நண்பர்கள் யோசித்தது தானிய வங்கி. அறுவடையில் கொஞ்சம் போட்டுவைத்து, இல்லாத மாதத்தில் எடுத்துக்கொள்வது. நல்ல யோசனைதான், பழைய யோசனையும்கூட. மத்திய அரசே 1996–97இல் பழங்குடிக் கிராமங்களுக்காக இப்படி ஒரு திட்டம் போட்டது. ஆனால் குத்த ஆளில்லாத சாமையை வங்கியில் போட்டு என்ன செய்ய? ஆடி மாதம் வீட்டுக்கு ஒரு வள்ளம், அதாவது நாலு படி, சாமை கொடுத்தால், கூடவே உலக்கை வேலையையும் கொடுத்ததாகத்தான் ஆகும். எனவே மில் முதலில், வங்கி பிறகு என்று முடிவு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானிய வேலை செய்கிறது. ஊருக்குள்ளேயே உமி நீக்கும் மெஷின், விதை வங்கி, தானிய வங்கி எல்லாம் அவர்கள் முன்பே செய்து காட்டியவைதான். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

மெஷின்

வாங்கியது வீசியடிக்கிற வகை. மேலே தொட்டியில் சாமையைக் கொட்டினால் அது ஒரு சுழலும் தட்டின் நடுவில் விழும். தட்டு வேகமாகச் சுற்றுவதால் தானியம் ஓரத்துக்குப் பறந்து, சுற்றிலும் உள்ள ரப்பர் ஒட்டிய சுவரில் மோதும். மோதுகிற அதிர்ச்சியில் உமி விட்டுப்போகும். கீழே காற்றாடி உமியை ஊதித் தள்ளும், அரிசி தனியாக இறங்கும். தேய்க்கிற வேலை இல்லாததால் தவிடு அரிசியிலேயே நிற்கும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். எமரி கல் வைத்துத் தீட்டுகிற மெஷினில் அரிசி பளபளவென்று வரும், சத்து தவிட்டோடு போய்விடும்.

மோட்டார் 2 குதிரைத்திறன், சிங்கிள் பேஸ், 1,440 சுற்று. மலையில் அந்த ஊருக்குத் த்ரீ பேஸ் கேட்டு அலைவதைவிட இது நடைமுறைக்கு ஒத்துவரும். மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, தட்டு சுற்றும் தண்டில் 3 அங்குலப் புல்லி. கணக்குப்படி தண்டு 2,880 சுற்று ஓடணும். பெல்ட் வழுக்கலில் கொஞ்சம் குறையும்.

தரையில் ஒன்றரை அடி குழி எடுத்துக் கான்கிரீட் போட்டு, போல்ட்டை நட்டு, நன்றாக இறுகவிட்ட பிறகுதான் மெஷினை ஏற்றினோம். அவசரப்பட்டுச் செங்கல் மேல் உட்காரவைத்தால் அதிர்விலேயே பேரிங் போய்விடும். இரண்டு புல்லியும் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று முகத்துக்கு முகம் நூல் பிடித்துப் பார்க்கணும். பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கணும், அதற்கு மேல் வேண்டாம். பெல்ட்டுக்குக் கம்பிவலைக் கூண்டு கட்டாயம். சேலைத் தலைப்பும் பின்னலும் உள்ள இடத்தில் கூண்டு இல்லாமல் மெஷின் ஓட்டவே கூடாது. எர்த்துக்குத் தனியாகக் குழி வெட்டிக் கரி, உப்பு போட்டுப் பைப் இறக்கினோம். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தோம். இதற்கெல்லாம் சேர்த்துச் செலவு மெஷின் விலையில் சின்னப் பங்குதான். நன்கொடை கொடுப்பவர்கள் மெஷினுக்குக் கொடுப்பார்கள், எர்த் குழிக்குக் கொடுக்கமாட்டார்கள். அது இந்த மாதிரி வேலைகளில் பொது வியாதி.

கரண்ட்

முதல் ஓட்டத்திலேயே மோட்டார் எழவில்லை. "ம்ம்" என்று முனகியது, கரண்ட் அதிகமானால் தானாக அணைகிற எம்.சி.பி. சுவிட்ச் விழுந்தது. மீட்டர் பெட்டியில் 195 வோல்ட். ஷெட்டுக்குள் சுவிட்ச் போடுகிற கணத்தில் மல்டிமீட்டர் 145க்கு இறங்கியது.

காரணம் ஒயர். மீட்டரிலிருந்து ஷெட் 60 மீட்டர். ஷெட் கட்டியவர் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் இழுத்துவைத்திருந்தார். வீட்டு லைட்டுக்கு அது தாராளம். போக 60, வர 60 என்று 120 மீட்டருக்கு அந்த ஒயரின் தடை ஏறத்தாழ 0.9 ஓம். மோட்டார் ஓடும்போது 11 ஆம்பியர் இழுக்கிறது என்றால் 10 வோல்ட் ஒயரிலேயே காலி. கிளம்பும்போது ஐந்து மடங்கு இழுக்கும், அப்போது 50 வோல்ட் காலி. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப விழும். 230 வர வேண்டிய இடத்தில் 145 வந்தால் விசை ஐந்தில் இரண்டு பங்குதான். பாவம், எப்படி எழும்?

6 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றினோம். கிளம்பும் நேர இழப்பு 20 வோல்ட் அளவுக்கு வந்தது, மோட்டார் எழுந்தது. ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஒயர் மெலிந்து கிடக்கும்போது அதற்கு முன்னால் ஸ்டெபிலைசர் வைப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு ஒழுங்கும் வைத்தோம்: தொட்டியின் கதவை மூடிவைத்துத்தான் சுவிட்ச் போடணும், வேகம் பிடித்த பிறகுதான் தானியம் விடணும். ஊர் முழுக்க டிவியும் லைட்டும் எரிகிற சாயங்கால நேரத்தில் மில் ஓட்டுவதில்லை. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை லைன் நன்றாக இருக்கிறது. இணைப்பைக் குடிசைத் தொழில் கணக்கில் தனியாக வாங்கினோம். வீட்டு இணைப்பில் மில் ஓட்டினால் என்றைக்காவது வந்து அபராதம் போடுவார்கள்.

வேகமும் ஈரமும்

ஓட ஆரம்பித்ததும் அடுத்த தலைவலி. ஒரு தடவை ஓடி வந்த சாமையில் ஏறத்தாழ கால்பங்கு உமியோடு நின்றது. விற்ற பட்டறைக்காரரைப் போனில் கேட்டால், "புல்லியைச் சின்னதாக்குங்க, வேகம் ஏறும்" என்றார். தண்டில் 2.5 அங்குலப் புல்லி போட்டால் 3,456 சுற்று. போட்டுப் பார்த்தோம். உமி நன்றாகப் போனது, கூடவே அரிசியும் உடைந்து நொய்யாகக் கொட்டியது. நொய் கஞ்சிக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது. பழைய 3 அங்குலப் புல்லியையே திரும்ப மாட்டிவிட்டு, வேறு பக்கம் பார்த்தோம்.

வேறு பக்கம் என்றால் ஈரம். அன்றைக்கு ஓட்டியது மூடுபனி நாளில் வீட்டு மூலையிலிருந்து எடுத்துவந்த சாமை. ஈரமான உமி வளையும், உடையாது. எலும்பு மாதிரி காய்ந்துவிட்டால் உமியோடு அரிசியும் உடையும். 10 முதல் 12 சதவீத ஈரம் சரியான இடம். ஈரம் அளக்கிற கருவி விலை அதிகம். அதற்குப் பதில் இரண்டு சோதனை. ஒன்று, உலர்ந்த உப்பைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அதில் பாதிக்குத் தானியம் போட்டு நன்றாகக் குலுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வைப்பது. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல், திருப்பி அனுப்பி வெயிலில் போடச் சொல்ல வேண்டியதுதான். ஒட்டாவிட்டால் அடுத்த சோதனை, பல். நாலு சாமையை முன்பல்லில் வைத்துக் கடிப்பது. "டக்" என்று இரண்டாக உடைந்தால் போடலாம், நசுங்கினால் காயணும், பொடியாகச் சிதறினால் ரொம்பக் காய்ந்துவிட்டது. பாட்டிலை நான் கொண்டுபோனேன். பல் சோதனை அந்த ஊரிலேயே இருந்தது. இன்று மில்லை ஓட்டுகிற அக்கா பாட்டிலைத் தொடுவதே இல்லை. அவர் கடித்துச் சொன்னால் சரியாகவே இருக்கிறது.

காய்ந்த சாமையை 3 அங்குலப் புல்லியில் ஓட்டினால் ஒரு தடவையிலேயே பத்தில் எட்டு, ஒன்பது பங்கு உரிந்துவிடுகிறது. மீதியைப் பிரித்து மட்டும் இரண்டாம் முறை விடுவது. முழுவதையும் திரும்ப விட்டால் உரிந்த அரிசிதான் முதலில் உடையும். பிரிக்கிற வேலைக்கு இன்றுவரை மெஷின் இல்லை, சல்லடையும் முறமும்தான். உமியோடு இருப்பது கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் லேசு. சல்லடையில் ஓரளவு நிற்கும், மிச்சத்தைக் கொழித்து எடுப்பார்கள். முறத்தை ஒரு பக்கம் சாய்த்து, மணிக்கட்டைச் சின்னதாக வெட்டி வெட்டி ஆட்ட, உமித்தானியம் எல்லாம் நுனிக்கு வந்து கூடுகிறது. நான் செய்தால் எல்லாம் கலந்து தரையில் விழும். மெஷின் வந்தால் இந்தக் கைவேலை போய்விடும் என்று பயந்த பாட்டிமார், அது இல்லாமல் மெஷினே ஓடாது என்று தெரிந்ததும் மில் வாசலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

100 கிலோ சாமைக்கு 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கிறது. உமி முதலில் ஷெட் முழுக்கப் பறந்து கண்ணெல்லாம் அரித்தது. காற்றாடி வாயில் பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த நீளமான பையைக் கட்டினோம், அடங்கியது. அந்த உமி அடுப்புக்கும் சுவர் மண்ணோடு குழைக்கவும் போகிறது. சல்லடையில் சலித்த பொடி கோழிக்கு.

கல்

சாமைச் சோற்றில் பல்லில் கடிபடுகிற கல் ஒன்று போதும், பிள்ளைகள் அடுத்த நாள் ரேஷன் சோறு கேட்பார்கள். சாமை அளவுக்கே இருக்கிற மணல் எந்தச் சல்லடையிலும் பிரியாது. கல் பிரிக்கிற மெஷின் தனியாக இருக்கிறது, எடையை வைத்துப் பிரிப்பது. விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டோம்.

கல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் களத்திலிருந்து. சில வீடுகளில் பாறைமேல் அடிக்கிறார்கள், அந்தச் சாமை சுத்தமாக இருந்தது. பாறை இல்லாதவர்கள் மண்தரையில் அடிக்கிறார்கள். சரி, தார்பாய் வாங்கினோம். குழுவுக்குப் பொதுவாகச் சில, அறுவடை நேரத்தில் மாறி மாறி எடுத்துக்கொள்வது. அறுக்கும்போது வேரோடு பிடுங்காமல் அரிவாளில் அறுக்கச் சொன்னோம், வேர் மண்ணும் குறைந்தது. மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு கல்லுக்குச் சமையலறையில் அரிக்கிற வழக்கம் இருக்கவே இருக்கிறது. தண்ணீரில் சட்டியைச் சுழற்றிச் சுழற்றி ஊற்ற, கல் அடியில் தங்கும். தார்பாயால் மெஷினுக்கும் லாபம், மணல் குறைந்ததால் உள்சுவர் ரப்பர் முன்னைவிட மெதுவாகத் தேய்கிறது.

வங்கி

மில் ஒரு அறுவடைக்காலம் ஓடிய பிறகுதான் வங்கிப் பேச்சை எடுத்தோம். அதற்குள் மரவள்ளிக் காட்டு ஓரத்தில் ஒரு துண்டு சாமை போடுகிறவர்கள் கூடியிருந்தார்கள். பெரிய நிலப்பரப்பு என்று நினைக்க வேண்டாம், வீட்டுத் தேவைக்கு.

சேர்த்துவைப்பது உமியோடுதான். இதை அழுத்திச் சொல்கிறேன். உமி நீக்கிய சாமை அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பூச்சியும் பிடிக்கும். உமியோடு காய்ந்த சாமை வருஷக்கணக்கில் கெடாது. எனவே வங்கிக்கு வருவது தானியம், வெளியே போகும்போது மில் வழியாக அரிசி. மில் இல்லாமல் வங்கி இல்லை என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வைக்க மூங்கில் பின்னி, மண்ணும் சாணியும் பூசிய தொம்பைகள். பின்னத் தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தார், இரண்டு பையன்களைக் கூட வைத்துக்கொண்டு பின்னினார். தொம்பையைத் தரையில் வைக்காமல் நாலு கால் பலகைமேல் ஏற்றி, ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த கூம்பு மாதிரி தகரத்தை மாட்டினோம், எலி ஏறாது. அடியில் நொச்சி இலை, வேப்பிலை.

சட்டம் போடத்தான் நாளாயிற்று. கிலோக் கணக்கு பேசியபோது யாருக்கும் ஒட்டவில்லை, வள்ளம், படி என்று பேசியதும் சூடு பிடித்தது. நாலு படி ஒரு வள்ளம். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு இரண்டு வள்ளம் போடணும். ஆடியிலிருந்து தேவைப்பட்டவர்கள் கடனாக எடுக்கலாம். திருப்பும்போது எவ்வளவு கூடுதல்? வெளியில் தானியக் கடன் வாங்கினால் ஒன்றுக்கு ஒன்றரை திருப்புவது பழைய வழக்கம். இங்கே வட்டியே வேண்டாம் என்று எங்கள் நண்பர் ஒருவர் வாதாடினார். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எலி திங்கறது யார் கணக்குங்க? காஞ்சி குறையறது யார் கணக்கு?" என்று கேட்டார்கள். கடைசியில் வள்ளத்துக்கு அரைப்படி என்று நின்றது. எட்டில் ஒரு பங்கு. அந்த அரைப்படியிலிருந்துதான் நிலம் இல்லாத வீடுகளுக்கும் தனியாக இருக்கிற முதியவர்களுக்கும் போடாமலேயே எடுக்கிற உரிமை. அவர்கள் மில்லில் புடைக்க, சலிக்க வந்து உட்கார்ந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

விதைக்குத் தனிச் சுரைக்குடுவைகள். இந்த மலையில் சாமையிலேயே வகை வகையாக உண்டு: கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, சடஞ்சாமை என்று. எதை எந்த மண்ணில் போடுவது, எது எத்தனை மாதத்தில் வரும் என்பதெல்லாம் பெண்கள் மனதில்தான் இருக்கிறது. விதையைச் சமைக்கக் கூடாது, விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். பஞ்ச காலத்தில்கூட விதைத் தானியத்தில் கை வைக்காத வழக்கம் அவர்களுடையது, நாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விற்பனை என்கிற சிக்கல்

2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சாமை அரிசிக்கு நகரத்தில் நல்ல விலை. மில் இருக்கிறது என்று தெரிந்ததும் கீழேயிருந்து ஆட்கள் வந்தார்கள். தூய கொல்லிமலைச் சாமை, பை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி. நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. குழுவில் ஒரு இளம்பெண் கேட்டது வேறு: "சாமைய அவங்களுக்கு வித்துட்டு அந்தக் காசுல நாங்க திரும்ப ரேஷன் அரிசிக்குப் பருப்பு வாங்கணுமா சார்?" வாங்கினால் தப்பில்லை, பருப்பு நல்ல பொருள்தான். ஆனால் காசு பருப்பாகத்தான் மாறும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? மரவள்ளிக் காசு என்னவாக மாறியது என்று மலையில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் ஒரு வரிசை வைத்தோம். முதலில் விதை, பிறகு வங்கியின் இரண்டு வள்ளம், பிறகு வீட்டுத் தேவை, மிஞ்சினால் விற்பனை. விற்பதும் குழு மூலமாக மட்டும், வீடு வீடாக இல்லை. இதில் ஆண்களுக்குக் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. மறுக்க முடியாத முணுமுணுப்புதான்: பள்ளி ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசுதான் வேண்டும், சாமை வாங்கிக்கொள்ளமாட்டார்கள். மரவள்ளியை எதிர்த்துப் பேசுகிற எந்த வேலையும் இந்த ஊரில் நிற்காது. அதை விட்டுவிடச் சொல்லி நாங்கள் யாரிடமும் பேசவில்லை. கிழங்கு விலை விழுந்தாலும் தொம்பையில் ஏதோ இருக்கணும், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

ஊட்டச்சத்து விஷயத்திலும் அளவாகப் பேசுவது நல்லது. சாமையில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று பல துண்டறிக்கைகளில் பார்ப்பீர்கள், பழைய அட்டவணை அது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் அது 1.3க்கும் கீழே. இரத்தசோகைக்குச் சாமை மருந்து என்று சொல்லி விற்பது நேர்மை இல்லை. நார்ச்சத்து உண்டு, வெள்ளை அரிசியைவிடப் புரதம் உண்டு, காட்டில் அது இருந்தால் ஊடுபயிராகத் துவரையும் அவரையும் கூடவே வரும். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசியில் சொன்னது. மரவள்ளி மட்டும் நிற்கிற காட்டிலிருந்து சமையலறைக்குப் பருப்பு வராது. அரசு தரப்பிலும் கொஞ்சம் அசைவு இருக்கிறது: 2023 மே மாதத்திலிருந்து நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கொல்லிமலை ரேஷன் கடையிலேயே கொல்லிமலைச் சாமை என்று ஒரு நாள் வந்தால் எங்கள் மில் தாங்காது, அது வேறு கவலை.

இப்போதைய நிலை

மில்லை இரண்டு பெண்கள் ஓட்டுகிறார்கள். மோட்டாரைக் கிளப்பிவிடுகிற ஸ்டார்ட் கெபாசிட்டர் போனால் அவர்களே மாற்றுவார்கள். மாற்றுவதற்கு முன் மெயினை இறக்கி, பழைய கெபாசிட்டரின் இரண்டு முனையையும் ஒரு பல்பின் இரண்டு ஒயராலும் தொட்டுத் தங்கிய மின்சாரத்தை இறக்கிவிடப் பழக்கியிருக்கிறோம். பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு ஸ்டார்ட் கெபாசிட்டர், ஒரு ரன் கெபாசிட்டர், ஒரு செட் பேரிங், இரண்டு பெல்ட், கிரீஸ். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் சாமான் வாங்கக் கீழே வர முடியாது.

உள்சுவர் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, அறுவடைக்கு முன் மாற்றணும். தினை போட வேண்டும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். 3 அங்குலப் புல்லியில் போட்டுப் பார்த்ததில் தினை அதிகமாக உடைகிறது. தண்டுக்கு மூன்றரை அங்குலம் போட்டால் வேகம் 2,470 பக்கம் வரும். ராசிபுரத்தில் லேத்தில் ஒன்று கடையச் சொல்லியிருக்கிறேன். மாட்டிப் பார்த்துவிட்டு, எந்தத் தினைக்கு எப்படி வந்தது என்று தனியாக எழுதுகிறேன்.